சத்தம் இல்லாத பக்கம்

ராத்திரி எட்டரை மணி இருக்கும். ஜவ்வாது மலைக்கு ஏறுகிற மண் ரோடு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஒடுகத்தூரிலிருந்து வந்த கடைசி பஸ் அடிவாரத்திலேயே திரும்பிப் போய்விட்டது. அதற்கு மேல் பஸ் கிடையாது. நடைதான்.

அந்த ரோட்டில் மாதம்மாள் தனியாக ஏறிக்கொண்டிருந்தாள்.

யார் இந்த மாதம்மாள் என்றால், வாணியம்பாடியில் நம் பர்வீன் வீட்டுக்கு வருஷா வருஷம் புளி கொண்டுவந்து போடுவாளே, அவள்தான். பர்வீனின் அம்மாவிடம் அவளே தன் வாயால் சொன்னது இது. ஒரே ஒரு முறைதான் சொன்னாள். பிறகு எப்போது கேட்டாலும் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாளாம்.

சலீமா, அந்த ஜன்னலைச் சாத்து. எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். விளக்கு இருக்கட்டும்...

எழுபத்தொன்பதாம் வருஷம், மாசி மாசம். சந்தையில் புளி விற்றுவிட்டு வர இருட்டிவிட்டால் மாதம்மாள் ராத்திரியில் மலை ஏற மாட்டாள். அடிவாரத்து டீக்கடையில் படுத்துவிட்டு விடிந்ததும் போவாள். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்து வந்தாள். டீக்கடைக்காரன் தேவராஜ் அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

“இன்னிக்கு உனக்குப் பாய் கெடையாதுக்கா. வூட்டுக்குக் கெளம்பு.”

“ஏன்டாப்பா, தொரத்தற? உம் பொண்டாட்டி திட்டினாளா?”

“உங்க வூட்டுக்காரரு மத்தியானம் வந்தாரு. அவரே டீ கேட்டுக் குடிச்சாரு, அவரே காசும் குடுத்தாரு.”

“அதான் மழ வர மாரி மூடிக்கினு கீது” என்றாள் அடுப்படியிலிருந்து அவன் மனைவி குப்பம்மா.

“உன் தம்பி வந்துட்டானாம்க்கா. குடகுலேர்ந்து. எந்நேரமானாலும் பரவால்ல, ராவே ஏறி வரச் சொன்னாரு.”

அதற்குப் பிறகு மாதம்மாள் உட்காரவில்லை. தம்பி அர்ச்சுனனுக்குப் பிடிக்குமே என்று ஒரு பொட்டலம் காராபூந்தி வாங்கினாள். டார்ச்சைத் தட்டிப் பார்த்தாள். மஞ்சளாக எரிந்தது. கிளம்பிவிட்டாள்.

அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவள் தூக்கி வளர்த்த தம்பி. ஆடி மாசம் கீழேயிருந்து வந்த ஆட்களோடு வேட்டைக்குப் போனான். போனவன் வீட்டுக்கு வரவில்லை. அவள் புருஷன் பாண்டுரங்கன் மட்டும் மறுநாள் வந்தான். அர்ச்சுனன் அப்படியே ஒரு மேஸ்திரியோடு குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னான். மலையிலிருந்து பாதிப்பேர் அப்படித்தான் போகிறார்கள். நம்பாமல் இருக்க ஒன்றும் இல்லை. ஆனால் தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போனானே என்பது அவளுக்கு ஆறவே இல்லை. முதலில் வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும், அப்புறம்தான் சோறு... அப்படி நினைத்துக்கொண்டே ஏறினாள்.

குளிர். காய்ந்த புல் வாசனை. காற்று இல்லை. தன் மூச்சு தனக்கே கேட்டது.

மூன்றாவது வளைவு தாண்டியிருப்பாள்.

டொக்...

மரத்தில் தடியால் தட்டுகிற சத்தம். பாறைப் பக்கம், மேலே எங்கேயோ.

டொக்... டொக்...

இது மரங்கொத்தி இல்லை. ராத்திரியில் மரங்கொத்தி ஏது? நின்றாள். இப்போது ரோட்டின் பின்பக்கத்திலும் கேட்டது. பிறகு முன்பக்கத்திலும். கூடவே குரல்கள். ஒன்று இருமிக்கொண்டே கத்தியது. ஒன்று ஆடு மேய்க்கிறவன் மாதிரி நாக்கைச் சொடுக்கியது. அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது விரட்டு.

கீழே இருக்கிறவர்களுக்கு இது தெரியாது. வேட்டைக்கு வருகிறவர்கள் காட்டில் ஒரு பக்கம் துப்பாக்கியோடு மூச்சு விடாமல் உட்கார்ந்திருப்பார்கள். மற்ற மூன்று பக்கமும் மலை ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். மரத்தைத் தட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, மெல்ல மெல்ல நெருங்குவார்கள். மிருகம் சத்தத்துக்குப் பயந்து சத்தம் இல்லாத பக்கமாக ஓடும். அங்கேதான் துப்பாக்கி.

விரட்டுகிற ஒவ்வொருவனுக்கும் சொந்தமாக ஒரு கூப்பாடு உண்டு. வாயை மூடவே கூடாது. புதருக்குள் அசைவது மிருகமா மனிதனா என்பது துப்பாக்கிக்காரனுக்கு அந்தக் குரலை வைத்துத்தான் தெரியும். மலையில் பையன்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான். பயமாக இருந்தால் இன்னும் பலமாகக் கத்து. அர்ச்சுனனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் பாண்டுரங்கன். அவன்தான் அந்த மலையில் விரட்டுக்கு மேஸ்திரி.

ஆனால் ராத்திரியில் யாரும் விரட்டு நடத்த மாட்டார்கள்...

“ஹூய்... ஹூய்... ஸ்ஸா!”

மாதம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பயத்தில் இல்லை. அர்ச்சுனனுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். அவன் கூப்பாட்டின் கடைசியில் காற்று விசிலடிக்கும். இந்த உலகத்தில் வேறு யாராலும் அப்படிக் கத்த முடியாது.

“டேய் அர்ச்சுனா!” என்று கத்தினாள். “வந்த அன்னிக்கே ஆட்டமாடா? எறங்கி வாடா கீழ! செருப்பால அடிக்கறேன்!”

சத்தம் எல்லாம் நின்றது.

காடு அப்படியே அவளைக் கேட்பது போல இருந்தது.

பிறகு மறுபடியும்... டொக். டொக். இன்னும் கிட்டத்தில்.

சிரித்துக்கொண்டே அடுத்த வளைவு திரும்பினாள். அங்கே ரோட்டின் நடுவில் ஒரு ஜீப் நின்றிருந்தது. விளக்கு எரிகிறது, என்ஜின் ஓடுகிறது, ஆள் இல்லை. பெட்ரோல் வாசனை, சிகரெட் வாசனை. சக்கரத்தின் அருகே ஒரு துப்பாக்கி மண்ணில் கிடந்தது. துப்பாக்கியை யாராவது இப்படிப் போடுவார்களா?

“டார்ச்ச அணை... அணைடீ!”

ஜீப்புக்கு அடியிலிருந்து ஒருவர் தவழ்ந்து வந்தார். ஒரு காலில்தான் பூட்ஸ். யாரென்று அடையாளம் தெரிந்தது. கீழே ரைஸ்மில் வைத்திருக்கிற முதலாளி. மச்சானோடும் ஒரு சிநேகிதனோடும் வருஷம் தவறாமல் வேட்டைக்கு வருகிறவர். அவள் வீட்டு வாசலில் நின்று மோர் வாங்கிக் குடித்திருக்கிறார்.

“உங்க ஆளுங்கதான? நிறுத்தச் சொல்லு. இன்னா வோணும்னாலும் தர்றேன், நிறுத்தச் சொல்லு.”

“எந்தம்பிதான் சாமி கத்தறான்” என்றாள் மாதம்மாள். “குடகுலேர்ந்து இன்னிக்குத்தான் வந்துகீறான். வெளயாட்டுப் புத்தி.”

“எது? அந்த விசில் சத்தமா?”

“ஆமாங்க. பல்லு ஒடஞ்சவன்.”

முதலாளி ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“அவன் செத்துட்டான்” என்றார். “ஆடி மாசமே செத்துட்டான். நாங்கதான் சுட்டோம்.”

அவராகவே கொட்டினார். சாமியாடுகிறவன் மாதிரி உடம்பை ஆட்டிக்கொண்டே கொட்டினார்.

“மானச் சுட்டா ஜெயிலுன்னு சட்டம் போட்டுட்டான். மனுசனச் சுட்டா மலையில கேக்க ஆளில்லன்னு மச்சான்தான் சொன்னான். வெளயாட்டாத்தான் ஆரம்பிச்சோம். அவுத்து வுடுவோம். ஓடச் சொல்லுவோம்.”

“எந்தம்பி ஓடினானா?”

“ஓடல! பொதருக்குள்ள பூந்துட்டான். சும்மா கெடந்திருந்தா எங்களால கண்டே புடிச்சிருக்க முடியாது. மொத வெடி வெச்சதும் ஹூய் ஹூய்னு கத்தினான். ரெண்டாவது வெடிக்கு இன்னும் பலமா கத்தினான். கத்திக்கினே எங்களப் பாத்து வந்தான்...”

மாதம்மாளுக்குப் புரிந்தது. மிருகம் என்று நினைத்துத் தவறிச் சுடுகிறார்கள் என்றுதான் அர்ச்சுனன் எண்ணியிருக்கிறான். நான் மனுசன், நான் மனுசன் என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று கத்தியிருக்கிறான். சொல்லிக்கொடுத்தபடியே.

“அவனக் கூட்டியாந்து வுட்டது யாரு?”

“பாண்டுரங்கன். உங்க மேஸ்திரி. ஏதோ புளியமரத் தகராறுன்னான். இன்னிக்கும் அவன்தான் வரச் சொன்னான். ராவுல ரோட்டு மேல ஒரு பொம்பள தனியா வருவா... அவளுக்கும் கேக்க ஆளில்ல...”

நிறுத்தினார். டார்ச்சைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கூடையைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

“நீதானா?”

அவள் அப்பா விட்டுப்போன ஏழு புளியமரம். வியாபாரிக்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பாண்டுரங்கன் கேட்டபோது முடியாது என்றவன் அர்ச்சுனன். அவன் போன பிறகு, தம்பி வரட்டும் என்று சொல்லித் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தவள் அவள். அவ்வளவுதான் கணக்கு.

டொக். டொக். டொக்.

இப்போது பாறையின் விளிம்பிலேயே கேட்டது. மாதம்மாள் டார்ச்சை அங்கே திருப்பினாள். புதர்கள் ஒவ்வொன்றாக விலகி விலகி மூடின. ஆள் நடந்தால் விலகுகிற மாதிரி. ஆள் இல்லை. ஆறு குரலா, ஏழு குரலா, எண்ண முடியவில்லை. இருமிக்கொண்டே கத்துகிற குரல் தேன் எடுக்கிற கருப்பனுடையது. அவன் கேரளத்துக்குப் போய்விட்டதாக அல்லவா ஊரில் பேச்சு?

“கூட வந்தவங்க எங்க?” என்றாள்.

“பள்ளத்துப் பக்கம் ஓடினானுங்க. அங்கதான் சத்தம் இல்ல.”

“அப்புறம்?”

“ஒண்ணுமே கேக்கல. ஒரு கத்தல் கூடக் கேக்கல...” அவள் காலைப் பிடித்தார். “நீ இந்த ஊருக்காரி. வழி காட்டும்மா.”

அவள் டார்ச்சை மெல்லத் திருப்பினாள். பள்ளத்துப் பக்கம்.

“அங்க ஒரு ஒத்தையடிப் பாதை கீதுங்க.”

“அங்க சத்தம் இல்லியே!” என்று குழந்தை மாதிரி அழுதார்.

“ஆமாங்க. சத்தம் இல்ல.”

அவருக்குத் தெரியும். எத்தனை வருஷ வேட்டை... சத்தம் இல்லாத பக்கம் என்ன இருக்கும் என்று அவரை விட யாருக்குத் தெரியும்? ஆனால் “ஹூய்... ஹூய்... ஸ்ஸா!” என்று அவர் பிடரிக்குப் பின்னால் கேட்டது. அந்த விசில் காற்று அவர் முடியை அசைத்ததை மாதம்மாள் பார்த்தாள். எழுந்தார். ஓடினார். அவருக்குக் கால் இடறாமல் இருக்க அவள் டார்ச்சைப் பாதையில் அடித்துக் காட்டிக்கொண்டே நின்றாள். வெளிச்சம் எட்டுகிற வரைக்கும் காட்டினாள்.

சத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது.

தொடர்ந்து சரசரவென்று புல் மடிகிற ஓசை. மூன்று பக்கமும். நிறையப் பேர் ஒன்றாகக் கீழே படுப்பது போல.

மிருகம் துப்பாக்கிக்கு நேராக வந்துவிட்டால் விரட்டுக்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். வாயை மூடிக்கொண்டு, இருந்த இடத்திலேயே குப்புறப் படுப்பார்கள். குண்டு எந்தப் பக்கமும் பறக்கும் அல்லவா.

மாதம்மாளும் ரோட்டில் குப்புறப் படுத்தாள்.

வெடிச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் வெடிமருந்தின் வாசனை வந்தது... பச்சையாக, மூக்கைக் குத்துகிற மாதிரி. அவள் தலையைத் தூக்கியபோது ஜீப்பின் என்ஜின் அணைந்திருந்தது. விளக்கும்.

எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள். அழுகை வரவில்லை. இருட்டைப் பார்த்து, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொன்னாள்.

“அர்ச்சுனா. இன்னும் ஒருத்தன் கீறான்டா. வா, வூட்டுக்குப் போலாம்.”

மீதி வழி முழுக்க ஒரு சத்தமும் இல்லை. ஆனால் ரோட்டின் இரண்டு பக்கத்திலும் புதர் விலகி விலகி மூடிக்கொண்டே வந்தது.

அவள் வீடு ஊரிலிருந்து தள்ளி, புளியமரங்களுக்கு முன்னால் இருக்கிறது. ஒற்றை அறை. முன்னால் ஒரு கதவு, மரங்களைப் பார்த்தாற்போல் பின்னால் ஒரு கதவு. சிம்னி விளக்கின் முன்னால் பாண்டுரங்கன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் பீடி வாயிலிருந்து விழுந்தது.

“நீ... எப்படி வந்த?”

“நடந்துதான் வந்தேன். நீதான வரச் சொன்ன? தம்பி எங்க?”

“வந்தான். இருந்து பாத்தான். திரும்பப் போய்ட்டான்.”

“சோறு துன்னானா?”

“துன்னான்.”

“எத வெச்சு துன்னான்? காத்தால கொழம்பு வெக்காமத்தான போனேன்?”

பாண்டுரங்கன் வாயைத் திறந்தான். அதற்குள் பதில் வெளியிலிருந்து வந்தது.

“ஹூய்... ஹூய்... ஸ்ஸா!”

முன்வாசலில். அடுத்தது இடது சுவருக்கு வெளியே, இருமலோடு. அடுத்தது வலது சுவருக்கு வெளியே. தடிகள் சுவரைத் தட்டின. மண் உதிர்ந்தது.

பின்கதவுப் பக்கம் மட்டும் ஒன்றும் இல்லை.

பாண்டுரங்கன் ஒருமுறை பின்கதவைப் பார்த்தான். பார்வையை உடனே எடுத்துக்கொண்டான். மற்றவர்கள் மாதிரி ஓட அவன் என்ன முதலாளியா? விரட்டுக்கே மேஸ்திரி. நடு வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கண்ணை மூடிக்கொண்டு தன்னுடைய கூப்பாட்டைப் போட ஆரம்பித்தான்.

“ஓலே... ஓலே... ஓ!”

கத்துகிறவன் மனிதன். அவனைச் சுட மாட்டார்கள்.

“அவனும் அதத்தான்யா செஞ்சான்” என்றாள் மாதம்மாள்.

“நான் சுடல... ஓலே... ஓலே... சத்தியமா நான் சுடல மாதம்மா... ஓ!”

“மரத்துக்காவா?”

பதில் சொல்ல அவனுக்கு நேரமில்லை. அவன் நிறுத்தினால் வெளியே தட்டுவது நெருங்கியது. கத்தினால் கொஞ்சம் விலகியது. அதனால் கத்திக்கொண்டே இருந்தான். அவள் எதிரில் பாயைப் போட்டு உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கேட்டு ஜாடை காட்டினான். பானை அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவள் எடுக்கவில்லை.

முதல் சேவல் கூவும்போது அவன் குரல் கம்மிவிட்டது. அப்புறம் கீறலானது. அப்புறம் வெறும் காற்று. உதடு மட்டும் அசைந்தது.

வெளியே எல்லாச் சத்தமும் நின்றது.

பாண்டுரங்கன் காது கொடுத்துக் கேட்டான். முன்பக்கம் இல்லை. இடது பக்கம் இல்லை. வலது பக்கம் இல்லை. வேர்வையைத் துடைத்தான். லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தான்.

“போய்ட்டானுங்க...” என்று காற்றாகச் சொன்னான்.

சுவருக்கு வெளியே, மூன்று பக்கமும், காய்ந்த புல் சரசரவென்று மடிந்தது.

மாதம்மாள் எழுந்தாள். தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அறையின் மூலைக்குப் போனாள். அவனுக்கும் பின்கதவுக்கும் நேராக இல்லாத மூலை. அங்கே பாயை விரித்து முகத்தைத் தரையில் அழுத்திப் படுத்தாள். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

“இன்னாத்துக்குடி... அங்க போய்... குப்புறப் படுக்கற?”

கேட்டு முடிப்பதற்குள் அவனுக்கே தெரிந்துவிட்டது. கத்துவதற்காக வாயை அகலத் திறந்தான்.

குரல் வரவில்லை.